கைப்பிடிக் கம்பி கோரி எழுதிய கடிதம்

எங்கள் அடுக்குமாடியின் இல்ல விதிகளில் பதினான்காவது விதி இப்படிச் சொல்கிறது: குடியிருப்பவர் எழுத்து மூலம் கொடுக்கும் எந்தக் கோரிக்கைக்கும் மூன்று வேலை நாள்களுக்குள் பெற்றுக்கொண்டதற்கான அறிவிப்பும், பதினான்கு வேலை நாள்களுக்குள் பதிலும், எழுத்து மூலமே தரப்பட வேண்டும். இந்த விதி எனக்கு மனப்பாடம். காரணம், அதை எழுதியவன் நான். ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் என்னை நிர்வாகக் குழுவில் உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது நான் விதிகளை எழுதிக்கொண்டிருந்தேன். ஒருவரும் ஒரு திருத்தம்கூடச் சொல்லாமல் கை தூக்கினார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு விதியை எதிர்ப்பே இல்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள் என்றால் அதை யாரும் படிக்கவில்லை என்றுதான் பொருள்.

போன செப்டம்பரில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால், பேச்சு. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது கால் பாதி திரும்பியிருந்தது, கை திரும்பவில்லை. சொற்கள் நாக்கில் வழுக்கின. நாற்பது ஆண்டுகளாக என்னைப் பேச விடாதவள், தொலைபேசி மணி அடித்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய அக்கா எங்கள் தீவின் மறுபக்கம் பாலிக் புலாவிலிருந்து அழைத்தாலும் எடுக்க மாட்டாள். நான்தான் எடுத்து, தூங்குகிறாள் என்று சொல்வேன்.

மருத்துவமனையில் உடற்பயிற்சி சிகிச்சை தருகிற பெண் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: முதல் ஆறு மாதத்தில் எவ்வளவு திரும்புகிறதோ அதுதான் பெரும்பகுதி, அதற்குப் பிறகு வருவது மெதுவாகத்தான் வரும், கொஞ்சமாகத்தான் வரும். வாரத்துக்கு இரண்டு முறை கூட்டி வாருங்கள், தவறவிடாதீர்கள். இதைவிடத் தெளிவான தகவலை என் பணிக்காலத்தில் நான் கேட்டதில்லை. இன்னது, இத்தனை முறை, இதற்குள், இல்லாவிட்டால் இன்னது. நான் தலையாட்டினேன்.

நாங்கள் இருப்பது ஜெலுத்தோங்கில், சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி, எட்டு மாடிப் பழைய கட்டிடம். கட்டியவர்கள் சிக்கனக்காரர்கள். மின்தூக்கி முதல் மாடியான தரைத்தளத்திலும் நான்காம் மாடியிலும் ஏழாம் மாடியிலும் மட்டும் நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் ஒரு மாடி ஏறிக்கொள்ளலாம் அல்லது இறங்கிக்கொள்ளலாம். எங்கள் வீடு எட்டாம் மாடி. அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டிதான். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் பதினெட்டுப் படிகள்.

அந்தப் படிகளுக்கு ஒரு பக்கம் மட்டும் கைப்பிடிக் கம்பி உண்டு. ஏறும்போது அது வலது கைக்கு வரும், இறங்கும்போது இடது கைக்கு. என் மனைவிக்கு வலது கை மட்டும்தான் பிடிக்கும். ஆகவே அவளால் வீட்டுக்கு ஏறி வர முடியும், வீட்டைவிட்டு இறங்கிப் போக முடியாது. எதிர்ச் சுவரில் இன்னொரு கம்பி வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். ஒரு குழாய், சில தாங்கிகள், ஒரு காலை நேரத்து வேலை.

பின்பக்கமாக இறங்கிப் பார்க்கச் சொன்னார் சிகிச்சைக்காரப் பெண். மூன்று படி இறங்கினாள். நாலாவதில் நின்றுவிட்டாள். மேலேயும் வர முடியாமல், கீழேயும் போக முடியாமல், கம்பியைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டு நின்றவளை மேலே கொண்டுவர எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அதன்பிறகு எதிர்வீட்டுக்காரரும் அவருடைய மைத்துனரும் சாப்பாட்டு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நல்ல மனிதர்கள். வேலைக்குத் தாமதமாகப் போனார்கள், முகம் சுளிக்கவில்லை. நான்காவது முறை, ஏழாம் மாடியில் ஒரு குடும்பமே கதவைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றது. அன்று திரும்பி வந்ததும், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து அவள் சொன்னாள்:

"நான் என்ன அரிசி மூட்டையாங்க? இனி போகல."

போகவில்லை.

எதிர்வீட்டுக்காரர் சும்மா துளை போட்டுக் கம்பியை மாட்டிவிடலாம் என்றார். அவரிடமே துளைப்பான் இருந்தது. "அங்கிள், யார்லா கேக்கப் போறா? என் பூச்சட்டிக்கு நாலு ஓட்டை போட்டிருக்கேன், இதுவரைக்கும் ஒருத்தன் கேக்கல." பொதுச் சுவரில் எழுத்து மூலமான அனுமதியின்றித் துளையிடக் கூடாது என்பது ஒன்பதாவது விதி என்று அவருக்கு விளக்கினேன். அதையும் எழுதியவன் நான்தான். அவர் என்னைப் பார்த்த பார்வையை மரியாதை என்று அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

ஆகவே நிர்வாகக் குழுத் தலைவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

இங்கே நான் யார் என்பதைச் சொல்ல வேண்டும். தீவின் தென்பக்கத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு ஆண்டுகள் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். புதிதாகப் பதவி உயர்ந்த மேற்பார்வையாளர்களுக்குத் தகவல் தொடர்பு வகுப்பு எடுத்தவன் நான். வெள்ளைப் பலகையில் வட்டம் போடுவேன். அனுப்புகிறவர், செய்தி, வழி, பெறுகிறவர், மறுமொழி. மறுமொழி திரும்பி வரும்வரை தகவல் போய்ச் சேரவில்லை என்றே கொள்ள வேண்டும் என்று பலகையைத் தட்டித் தட்டிச் சொல்வேன். நல்ல கடிதம் தெளிவாக, முழுமையாக, சுருக்கமாக, பணிவாக இருக்க வேண்டும் என்பேன். பையன்களும் பெண்களும் எழுதிக்கொள்வார்கள். கடைசியில் தேர்வு வைப்பேன். எல்லாரும் தேறுவார்கள். மறுநாள் தொழிற்கூடத்தில் போய், டேய் அந்த மெஷினப் பாருடா என்று கத்துவார்கள், மெஷின் சரியாகிவிடும். அது என் வகுப்பின் தோல்வி என்று நினைத்திருந்தேன்.

என் கடிதம் ஒன்றரைப் பக்கம், மலாயில். கோப்பில் தேட வசதியாக மேற்கோள் எண் இட்டேன். பொருள் என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. இல்ல விதிகள் ஒன்பது, பதினான்கு, அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், உடற்குறையுள்ளோர் உரிமை, மூன்றையும் உரிய இடத்தில் குறிப்பிட்டேன். மருத்துவச் சான்றிதழை இணைத்தேன். படிக்கட்டின் அளவை வரைந்து இணைத்தேன். அடியில், நகல் பெறுவோர் என்று போட்டு நகர மன்றம், சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம் உட்பட ஐந்து இடங்களின் பெயர்களை வரிசையாக எழுதினேன். நகலை அனுப்பவும் செய்தேன். கடைசி வரி: உரிய காலத்தில் பதில் கிடைக்காவிடில் என் உரிமைகள் அனைத்தையும் ஒதுக்கீடு செய்துகொள்கிறேன். தேவைப்பட்டால் வழக்குப் போடுவேன் என்பதன் நாகரிக வடிவமான அந்த வரி இல்லாத கடிதம் பல் இல்லாத கடிதம் என்பது என் அனுபவம்.

அக்டோபர் பதினான்கு அன்று தரைத்தள அலுவலகத்தில் கொடுத்தேன். என் நகலில், அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிராணிப் பெண் முத்திரை குத்தி, தேதி போட்டு, கையெழுத்தும் இட்டாள். படி ஏறி வந்து மனைவியிடம் அந்த முத்திரையைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, எப்போ வருவாங்க என்று கேட்டாள். பதினான்கு வேலை நாள் என்றேன்.

மூன்று வேலை நாள் போயிற்று, பதினான்கு போயிற்று. நினைவூட்டல் அனுப்பினேன், முதல் கடிதத்தின் மேற்கோள் எண்ணுடன். தீபாவளி வந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து சன்னல் வழியாகக் கீழே வாகன நிறுத்துமிடத்தில் மத்தாப்புப் பிடித்த குழந்தைகளைப் பார்த்தாள். இரண்டாம் நினைவூட்டல் அனுப்பினேன். அவளுடைய இடது கை விரல்கள் உள்ளே மடங்க ஆரம்பித்தன. காலையும் மாலையும் நான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவேன், எனக்குத் தெரிந்த அளவில். பிரித்த விரல் நான் விட்டதும் மெதுவாகத் திரும்பி மடங்கும். டிசம்பரில் மூன்றாம் நினைவூட்டலைப் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். ஒரே கட்டிடத்தில் எட்டாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு.

இதற்கிடையே குழுத் தலைவரின் நடத்தை எனக்குப் புரியவில்லை. மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் அவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். பார்க்கிற இடத்தில் எல்லாம் அண்ணே என்று தோளில் கை போடுகிறவர். அவர் ஒருநாள் சந்தையில் மீன் கடையருகே என்னைக் கண்டதும், வாங்கிய மீனை வெட்டக்கூடச் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டு கோழிக் கடைப்பக்கம் போய்விட்டார். இன்னொரு நாள் மின்தூக்கிக் கதவு திறந்தது, உள்ளே நான். அவர் ஏறவில்லை, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டார். அது ஒலிக்கவே இல்லை. என் கடிதம் அவரைச் சுடுகிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் மகிழ்ச்சியாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகவே சொன்னேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்ததற்கு நாக்கு மட்டும் காரணமில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஜனவரியில் நேரே அலுவலகத்துக்குப் போனேன். முத்திரை குத்திய அதே கிராணிப் பெண்தான் இருந்தாள், கெலுகோரிலிருந்து வந்து போகிற சிறு வயதுக்காரி. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். என் கோரிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டேன். கதவுப்பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"அங்கிள், நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. உங்க லெட்டர் லாயர் ஃபைல்ல இருக்கு."

எந்த வழக்கறிஞர், எதற்கு வழக்கறிஞர் என்று கேட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒரு வீட்டுக்காரர் தண்ணீர்க் கசிவுக்காகக் குழுவின் மேல் வழக்குப் போட்டாராம். குழுவிலிருந்து யாரோ ஒருவர் வாய்தவறி ஒப்புக்கொண்டது அங்கே சாட்சியாக வந்துவிட்டதாம். அன்றிலிருந்து ஒரு நடைமுறை. சட்டப் பிரிவைச் சொல்லி வருகிற கடிதம், நகல் போட்ட கடிதம், உரிமை ஒதுக்கீடு என்ற வரி உள்ள கடிதம், இவற்றில் எது வந்தாலும் திறந்து படித்ததும் நேரே வழக்கறிஞரின் கோப்புக்குப் போகும். அவர் சொல்லும்வரை யாரும் பதில் போடக் கூடாது, எழுதியவரிடம் அதைப் பற்றிப் பேசவும் கூடாது. வழக்கறிஞரோ ஆண்டுக் கூட்டத்துக்கு முன்புதான் கோப்பைப் பார்ப்பார்.

"உங்க லெட்டர்ல மூணுமே இருந்துச்சு அங்கிள். ரிமைண்டர்லயும் இருந்துச்சு. ஒண்ணொண்ணா அங்கதான் போச்சு."

மேசையின் ஓரத்தில் ஒரு சிவப்பு அட்டைக் கோப்பு இருந்தது. அதில் என் மனைவியின் படிக்கட்டு, என் கையால் வரைந்தது, மூன்று மாதமாகப் பத்திரமாக இருந்தது.

எனக்கு வந்த கோபத்தை இப்போதும் அளக்க முடியவில்லை. பெண்ணிடம் கத்தினேன். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. பதினான்காவது விதியை எடுத்துச் சொன்னேன், அவள் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. கண் கலங்க, பக்கத்தில் அடுக்கியிருந்த புகார்ப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினாள். இரண்டு அங்குலக் கட்டம். அதில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் ஆள் வருவார் என்றாள். மூன்றாம் மாடி விளக்குக்கு ஒருவர் வாட்ஸ்அப்பில் படம்தான் போட்டாராம், அன்றைக்கே மாற்றியாயிற்றாம். நான் படிவத்தை வாங்கவில்லை. முறைப்படி கொடுத்த கடிதத்துக்கு முறைப்படி பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை மறைக்க ஒன்றுமில்லை. வாங்கவில்லை.

மேலே வந்து நடந்ததை எல்லாம் மனைவியிடம் சொன்னேன். ஒரு நடைமுறை இன்னொரு நடைமுறையின் கழுத்தை எப்படிப் பிடிக்கிறது என்றும், வழக்குக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வதே வழக்கை வரவழைக்கும் என்றும் விளக்கினேன். சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு அடுத்த கடிதம் எழுதப் போவதாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு அவளுக்கு இருந்த சொற்களில் சொன்னாள்:

"உங்க லெட்டர் சரிதாங்க. எல்லாம் சரி. நான்தான் மேலயே இருக்கேன்."

என் கைப்பேசியைக் கேட்டாள். கட்டிடத்து வாட்ஸ்அப் குழுவில் இருந்து நான் எப்போதோ விலகிவிட்டேன், காலை வணக்கப் படங்கள் தாங்காமல். அது முறையான வழி அல்ல என்பதும் என் கருத்து. அதனால் அவள் தன்னுடையதையே எடுத்து வரச் சொன்னாள். செப்டம்பரிலிருந்து மேசை இழுப்பறையில் கிடந்தது. மின்னேற்றிக் கொடுத்தேன்.

வலது கட்டைவிரலால் ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள். சீனர்களும் மலாய்க்காரர்களும் இருக்கிற குழு என்பதால் சந்தை மலாயில். எட்டாம் மாடி, எனக்குக் கை விளங்கவில்லை, படி இறங்க முடியவில்லை, எதிர்ச்சுவரில் பிடிக்க ஒரு கம்பி வேண்டும், யாராவது வந்து பாருங்கள். அவ்வளவுதான். பாதிச் சொற்கள் குழறின. ஒரு சொல்லை மூன்று முறை முயன்று, விட்டுவிட்டு, அடுத்ததற்குப் போனாள். தன் அக்காவிடம்கூடக் காட்டாத குரலை நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அனுப்பினாள். மேற்கோள் எண் கிடையாது. இணைப்பு கிடையாது. நகல் யாருக்கும் கிடையாது. கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். என்னைப் பக்கத்தில் வர விடவில்லை.

அன்று மாலையே இரண்டாம் மாடிச் சீன அம்மாள் பழத்துடன் ஏறி வந்து படிக்கட்டைப் பார்த்தார். யாரோ அளவு கேட்டார்கள். மறுநாள் காலை தலைவர், பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு குழாயோடு வந்து நின்றார். மதியத்துக்குள் கம்பி சுவரில் இருந்தது. பட்டறைக்காரர் அதைப் பிடித்துத் தொங்கிக் காட்டினார்.

நான் தலைவரை விடவில்லை. அக்டோபரில் கேட்டதை ஜனவரியில் போட்டீர்கள், என் நான்கு கடிதங்களுக்குப் பதில் எங்கே என்றேன்.

"அண்ணே, இது உங்க லெட்டருக்கு இல்ல. அக்கா மெசேஜுக்கு. லெட்டரப் பத்தி நான் பேசக்கூடாது, லாயர் திட்டுவாரு."

"லெட்டர்ல இருந்ததும் இதே கம்பிதான்."

"தெரியும்ணே. படிச்சேன். ஒரு நாள் கடைக்கு வந்து, டேய் கம்பி போடுடான்னு சொல்லியிருந்தா அன்னிக்கே போட்டிருப்பேன். நீங்க கவர்மெண்டுக்கு எழுதற மாதிரி எனக்கு எழுதிட்டீங்க. பயந்துட்டேன்லா."

படித்தேன் என்றார். அதுதான் என்னால் இன்றுவரை செரிக்க முடியாதது. படிக்கவில்லை என்றால் மன்னிக்கலாம். செய்தி போய்ச் சேர்ந்தது, புரிந்தது, பெற்றுக்கொண்டவர் நல்லவர், மனம் உள்ளவர், அவருக்குக் குழாயும் பட்டறையும் ஒரு அழைப்பு தூரத்தில் இருந்தன. மீன் கடையருகே என்னைப் பார்த்தபோது அவருக்கு என் மனைவியின் இடது கை தெரியும், பதினெட்டுப் படி தெரியும். தெரிந்துகொண்டே கோழிக் கடைக்குப் போனார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அல்லது கடை ஐந்து நிமிட நடை, நான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். அவர் வழக்குக்குப் பயந்தார். நான் எதற்குப் பயந்தேன்? ஒருவரிடம் உதவி என்று கேட்பதைவிட உரிமை என்று எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அவர் மேல் இருக்கிற கோபத்தில் ஒரு பகுதியை நான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மீதி அவருடையதுதான், அதை நான் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

அடுத்த வாரம் அவள் இறங்கினாள். நான் இரண்டு படி கீழே நின்று பின்பக்கமாக இறங்கினேன். நடுத்திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். ஏழாம் மாடிக் குடும்பம் மறுபடியும் கதவைத் திறந்தது. அவர்களைப் பார்த்து, என்ன வேடிக்கையா என்று அவள் கேட்டது அவர்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, கதவு சாத்திக்கொண்டது.

சிகிச்சைக்காரப் பெண் இடது கையை எடுத்து வெகுநேரம் பார்த்தார். விரல்களைப் பிரித்தார், விட்டார், மடங்கின. எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார். கால் நன்றாக வரும், நடையை மீட்கலாம் என்றார். கையைப் பற்றிக் கேட்டேன். முயற்சி செய்வோம் என்றார். மருத்துவமனையில் அந்த வார்த்தையை எந்தப் பொருளில் சொல்வார்கள் என்று தெரியாதவன் அல்ல நான்.

இப்போது அவள் நாலுகால் ஊன்றுகோலுடன் சந்தைக்குப் போகிறாள். அக்காவிடம் பேசுகிறாள், நான் குறுக்கே பேசினால் கையை ஓங்குகிறாள், வலது கையை. இடது கையை மடியில் வைத்து ஒரு துண்டால் மூடியிருப்பாள். காய்கறி நறுக்குவது நான்.

அவள் சந்தைக்குப் போயிருந்த ஒரு காலையில் அஞ்சல்காரர் எட்டாம் மாடிக்கு ஏறி வந்து கையெழுத்து வாங்கினார். பதிவு அஞ்சல். தரைத்தளத்தில் இருக்கிற குழுவின் சார்பில், நகரத்தில் இருக்கிற வழக்கறிஞர் எழுதியது. என் மேற்கோள் எண்ணைச் சரியாகக் குறிப்பிட்டிருந்தார். என் கடிதம் கிடைக்கப் பெற்றது, படிக்கட்டில் கைப்பிடிக் கம்பி பொருத்தும் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, முடிவு உரிய காலத்தில் தெரிவிக்கப்படும், அதுவரை பொதுச் சுவரில் எந்த மாற்றமும் செய்ய வேண்டாம். பிழையே இல்லாத மலாய். நான் அதைப் படிக்கட்டில் நின்றே படித்தேன், புதுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. உறையின் மேல் நான் பெற்றுக்கொண்ட தேதியை எழுதினேன்: ஏப்ரல் ஒன்பது.